சிசேரியனுக்குப் பின் வீட்டில் மகப்பேறு

சிசேரியனுக்குப் பின் வீட்டில் மகப்பேறு என்பது, முன்பு அறுவை மூலம் குழந்தை பெற்ற ஒரு பெண், அடுத்த குழந்தையை மருத்துவமனையில் அல்லாமல் வீட்டிலேயே, பயிற்சி பெற்ற மருத்துவச்சி ஒருவரின் துணையுடன் இயல்பான முறையில் பெறத் திட்டமிடுவதைக் குறிக்கும். இதில் இரண்டு தனித்தனி முடிவுகள் அடங்கியுள்ளன. மீண்டும் அறுவை செய்துகொள்ளாமல் இயல்பான பிரசவத்துக்கு முயல்வது முதலாவது. அம்முயற்சியை வீட்டில் மேற்கொள்வது இரண்டாவது. முதல் முடிவு பெரும்பாலான பெண்களுக்குப் பொருத்தமானது என மகப்பேற்று மருத்துவ அமைப்புகள் ஏற்கின்றன. இரண்டாவதை அவை பரிந்துரைப்பதில்லை. முதல் சிசேரியனில் கருப்பையில் ஏற்பட்ட தழும்பு பிரசவ வலியின்போது கிழியும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் கிழிந்தால், குழந்தையை வெளியே எடுக்கச் சில நிமிடங்களே கிடைக்கின்றன. அந்தச் சில நிமிடங்களே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதி சிசேரியன் மூலம் பிறக்கும் தமிழ்நாட்டில், இரண்டாவது பிரசவத்தை எப்படி, எங்கே வைத்துக்கொள்வது என்ற கேள்வி இலட்சக்கணக்கான குடும்பங்களுக்கு எழுகிறது. இக்கட்டுரை அதன் மருத்துவ அடிப்படைகளையும், தமிழ்நாட்டுச் சூழலையும், குறிப்பாகத் திருப்பெரும்புதூர் (ஸ்ரீபெரும்புதூர்) – ஒரகடம் தொழிற்பகுதியின் நிலையையும் விளக்குகிறது.

சொற்கள்

அறுவை மூலம் குழந்தையை எடுப்பது தமிழில் சிசேரியன், அறுவைப் பிரசவம் என்றும், பேச்சு வழக்கில் "ஆபரேஷன்" என்றும் வழங்கப்படுகிறது. பிறப்புவழியாகக் குழந்தை பிறப்பது இயல்பான பிரசவம், சுகப்பிரசவம் எனப்படும். முன்பு சிசேரியன் ஆன பெண் இயல்பான பிரசவத்துக்கு முயல்வதை மருத்துவர்கள் "தழும்புக்குப் பின்னான பிரசவ முயற்சி" என்ற பொருள்படும் தொடரால் குறிக்கின்றனர். இங்கு "முயற்சி" என்ற சொல் முக்கியமானது. முயலும் எல்லோருக்கும் இயல்பான பிரசவம் அமைவதில்லை. ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இடையில் அறுவை தேவைப்படுகிறது.

மருத்துவச்சி என்ற சொல்லுக்குத் தமிழ்நாட்டில் இரு பொருள்கள் உள்ளன. ஊரில் பரம்பரையாகப் பிரசவம் பார்த்து வந்த பெண்மணி ஒரு பொருள். முறையான கல்வி பெற்றுச் செவிலியர் மன்றத்தில் பதிவு செய்துகொண்ட மகப்பேற்றுச் செவிலியர் மற்றொரு பொருள். இக்கட்டுரையில் மருத்துவச்சி என்பது, வேறாகக் கூறப்படாத இடங்களில், இரண்டாவது பொருளிலேயே ஆளப்படுகிறது.

வரலாறு

1916ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ஆற்றிய உரையொன்றில், எட்வின் கிராகின் என்ற மருத்துவர், ஒருமுறை சிசேரியன் ஆனால் எப்போதும் சிசேரியனே என்ற பொருள்படக் கூறினார். முதல் அறுவையைத் தேவையின்றிச் செய்யக்கூடாது என எச்சரிப்பதே அவருடைய நோக்கமாக இருந்தது. ஆனால் அக்கூற்று பின்னர் ஒரு விதியாகவே பின்பற்றப்பட்டது. அக்காலத்தில் கருப்பையின் மேற்பகுதியை நெடுக்காக வெட்டிக் குழந்தையை எடுத்தனர். அத்தகைய தழும்பு அடுத்த பிரசவத்தில் எளிதில் கிழியக்கூடியது என்பதால் விதிக்கு அன்று நியாயம் இருந்தது.

1920களில் கிளாஸ்கோ நகர மருத்துவர் மன்ரோ கெர், கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டும் முறையை வலியுறுத்தினார். இப்பகுதி மெல்லியது, பிரசவ வலியின்போது மேற்பகுதி அளவுக்குச் சுருங்குவதில்லை. எனவே இங்கு அமையும் தழும்பு வலுவாக நிற்கிறது. இன்று பெரும்பாலான சிசேரியன்கள் இம்முறையிலேயே செய்யப்படுகின்றன.

1980இல் அமெரிக்கத் தேசிய உடல்நல நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் மாநாடு, குறுக்குத் தழும்பு உடைய பெண்கள் இயல்பான பிரசவத்துக்கு முயலலாம் என அறிவித்தது. அதன் பின் அமெரிக்காவில், முன்பு சிசேரியன் ஆனவர்களில் இயல்பாகப் பெற்றோரின் விகிதம் உயர்ந்து, 1996இல் 28.3 விழுக்காட்டை எட்டியது. கருப்பைக் கிழிவுகள் பற்றிய செய்திகள் பெருகியதைத் தொடர்ந்து, அவசர அறுவை செய்யக்கூடிய மருத்துவர் உடனடியாகக் கிடைக்க வேண்டும் என 1999இல் அமெரிக்க மகப்பேற்று மருத்துவர் கல்லூரி வலியுறுத்தியது. பல சிறிய மருத்துவமனைகள் இத்தகைய பிரசவங்களை ஏற்க மறுத்தன. 2000களின் நடுப்பகுதியில் விகிதம் 10 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. மருத்துவமனைகள் கதவை அடைத்ததும், மறு அறுவையை விரும்பாத பெண்களில் ஒரு பகுதியினர் வீட்டுப் பிரசவத்தை நாடினர். 2010இல் கூடிய மற்றொரு வல்லுநர் மாநாடு, இயல்பான பிரசவ முயற்சி பல பெண்களுக்கு ஏற்ற தெரிவே என மீண்டும் உறுதி செய்தது.

தமிழ்நாட்டில் சிசேரியன்

தேசியக் குடும்பநல ஆய்வுகளின்படி, தமிழ்நாட்டில் சிசேரியன் மூலம் பிறந்த குழந்தைகளின் பங்கு 2015–16இல் 34.1 விழுக்காடாக இருந்தது, 2019–21இல் 44.9 விழுக்காடாக உயர்ந்தது. இந்தியா முழுமைக்குமான அளவு 2019–21இல் 21.5 விழுக்காடு மட்டுமே. அதே ஆய்வின்படி, தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளில் 63.8 விழுக்காடும், அரசு மருத்துவமனைகளில் 36.0 விழுக்காடும் அறுவைப் பிரசவங்கள் ஆகும். ஒரு நாட்டின் சிசேரியன் விகிதம் 10 விழுக்காட்டுக்கு மேல் உயரும்போது தாய் சேய் இறப்பு மேலும் குறைவதாகச் சான்று இல்லை என 2015இல் உலக சுகாதார அமைப்பு கூறியது இங்கு ஒப்பு நோக்கத்தக்கது.

அதே வேளையில், மகப்பேற்றின்போது தாய் இறப்பதைத் தடுப்பதில் தமிழ்நாடு இந்தியாவின் முன்னணி மாநிலங்களுள் ஒன்று. 2018–20 காலப்பகுதியில் ஓர் இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய் இறப்பு தமிழ்நாட்டில் 54 ஆகவும், இந்தியாவில் 97 ஆகவும் இருந்தது. 2019–21 ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்ந்தன. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் செவிலியர் இருப்பதும், தாய் இறப்பு ஒவ்வொன்றையும் தணிக்கை செய்வதும், அவசர மகப்பேற்றுச் சிகிச்சைக்கான "சீமாங்க்" மையங்களும், 2008இல் தொடங்கிய 108 அவசர ஊர்திச் சேவையும் இதற்குத் துணை செய்தன. இந்த அமைப்பு முழுவதும் பிரசவம் மருத்துவ நிலையத்தில் நிகழும் என்ற எண்ணத்தின் மேல் கட்டப்பட்டது. வீட்டுப் பிரசவத்துக்கான தனி ஏற்பாடு எதுவும் இதில் இல்லை.

தழும்பும் கருப்பைக் கிழிவும்

சிசேரியன் தழும்பில் இரண்டு உண்டு. ஒன்று வயிற்றுத் தோலில் வெளியே தெரிவது. மற்றொன்று உள்ளே கருப்பையில் இருப்பது. தோலில் குறுக்குத் தழும்பு இருப்பதால் கருப்பையிலும் குறுக்காகவே வெட்டப்பட்டது எனக் கொள்ள முடியாது. உள்ளே வெட்டப்பட்ட முறை, அறுவை செய்த மருத்துவமனை எழுதித் தரும் குறிப்பிலேயே (டிஸ்சார்ஜ் சம்மரி) இருக்கும்.

கருப்பைக் கிழிவின் வாய்ப்பு பல காரணிகளைப் பொறுத்து மாறுகிறது:

• ஒரு கீழ்க் குறுக்குத் தழும்பு மட்டும் இருந்து, வலி தானாகத் தொடங்கினால், ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்குக் கிழிவு ஏற்படுகிறது.
• செயற்கையாக வலி வரவழைக்கப்பட்டால் வாய்ப்பு கூடுகிறது. 2001இல் வெளியான வாசிங்டன் மாநில ஆய்வொன்றில், தானாக வலி தொடங்கியவர்களில் 1000 பேருக்கு 5.2 ஆக இருந்த கிழிவு, புரோசுட்டாகிளாண்டின் மருந்தால் வலி தூண்டப்பட்டவர்களில் 24.5 ஆக இருந்தது.
• முந்தைய பிரசவத்துக்கும் அடுத்த பிரசவத்துக்கும் இடையே 18 மாதங்களுக்குக் குறைவான இடைவெளி இருந்தால் வாய்ப்பு கூடுகிறது.
• கருப்பையின் மேற்பகுதியில் நெடுக்குத் தழும்பு இருந்தாலோ, முன்பு ஒருமுறை கருப்பை கிழிந்திருந்தாலோ இயல்பான பிரசவத்துக்கு முயலக் கூடாது. நஞ்சு (நச்சுக்கொடி) கருப்பை வாயை மறைத்திருந்தாலும் அறுவையே வழி.

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ அரை லிட்டர் அல்லது அதற்கும் மேல் குருதி பாய்கிறது. தழும்பு முழுவதும் கிழிந்தால் தாய்க்கு வயிற்றுக்குள் குருதி கசிகிறது; நஞ்சின் வழியாகக் குழந்தைக்குச் செல்லும் உயிர்வளி குறைகிறது. பெரும்பாலும் முதலில் தெரியும் அடையாளம் குழந்தையின் இதயத் துடிப்பு குறைவதாகும். வலிகளுக்கு இடையிலும் தீராத வயிற்று வலி, பிறப்புவழிக் குருதிப்போக்கு, சிறுநீரில் குருதி, இறங்கி வந்த தலை மீண்டும் மேலேறுதல், திடீரென வலி நின்றுபோதல், தாய்க்கு மயக்கம் ஆகியவை பிற அடையாளங்கள். இவையெல்லாம் ஒருசேரத் தோன்றுவது அரிது. தாய்க்கு எதுவும் தெரியாத நிலையிலேயே குழந்தையின் துடிப்பு விழத் தொடங்கிவிடலாம்.

எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதற்கு, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் செய்யப்பட்டு 1993இல் வெளியான ஆய்வு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. துடிப்பு நீண்ட நேரம் விழத் தொடங்கியதிலிருந்து ஏறத்தாழ 18 நிமிடங்களுக்குள் எடுக்கப்பட்ட குழந்தைகளுக்குக் குறிப்பிடத்தக்க பாதிப்பு ஏற்படவில்லை என அது கண்டது. அப்பெண்கள் எல்லோரும் மருத்துவமனையிலேயே, அறுவை அரங்குக்கு அருகிலேயே இருந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது.

இயல்பான பிரசவத்தின் வெற்றி வாய்ப்பு

அமெரிக்காவில் 17,898 பெண்களின் பிரசவ முயற்சிகளை ஆராய்ந்து 2004இல் வெளியான பெரிய ஆய்வில், 73.4 விழுக்காட்டினர் இயல்பாகக் குழந்தை பெற்றனர், 0.7 விழுக்காட்டினருக்குக் கருப்பை கிழிந்தது. உயிர்வளிக் குறைவால் மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகள், முயன்றவர்களிடையே 12 பேர். திட்டமிட்டு மறு அறுவை செய்துகொண்டவர்களிடையே ஒருவரும் இல்லை. பிரித்தானிய அரச மகப்பேற்று மருத்துவர் கல்லூரியின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டியும் வெற்றி வாய்ப்பை 72 முதல் 75 விழுக்காடு என்கிறது. முன்பு ஒருமுறையேனும் இயல்பாகப் பெற்றவர்களுக்கு இது 85 முதல் 90 விழுக்காடாக உயர்கிறது.

முதல் சிசேரியன் எதற்காகச் செய்யப்பட்டது என்பதும் முக்கியமானது. குழந்தை கால் கீழாக இருந்தது போன்ற, அந்தப் பிரசவத்துக்கு மட்டும் உரிய காரணமாயின் வாய்ப்பு அதிகம். வலி வந்தும் கருப்பை வாய் திறக்காமையோ தலை இறங்காமையோ காரணமாயின் வாய்ப்பு ஓரளவு குறைவு. தாயின் மிகை உடல் எடையும், குழந்தையின் மிகை எடையும் வாய்ப்பைக் குறைப்பவை.

மறு அறுவையின் இடர்கள்

மறு அறுவை இடர் இல்லாத வழி என்று கருதுவது தவறு. ஒவ்வொரு சிசேரியனும் அடுத்த கருவுறுதலின் இடரைக் கூட்டுகிறது. நஞ்சு பழைய தழும்பின் மேல் பதிந்து கருப்பைச் சுவருக்குள் ஊடுருவுவது இவற்றுள் கொடியது. பெருங்குருதிப்போக்கும், சில நேரங்களில் கருப்பையையே அகற்ற நேர்வதும் இதன் விளைவு. 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வின்படி, நஞ்சு கருப்பை வாயை மறைத்திருந்த பெண்களில் இவ்வூடுருவல் முதல் சிசேரியனின்போது 3 விழுக்காட்டினருக்கும், இரண்டாவதில் 11 விழுக்காட்டினருக்கும், மூன்றாவதில் 40 விழுக்காட்டினருக்கும் இருந்தது. எனவே, இரண்டு குழந்தைகளுக்கு மேல் விரும்பும் பெண்ணுக்கு இயல்பான பிரசவத்தின் பயன் கூடுதலாகும். இரண்டோடு நிறுத்திக்கொள்ளும் பெண்ணுக்கு, இவ்விடரின் எடை அந்த அளவுக்கு இல்லை.

வீட்டில் முயல்வது பற்றிய ஆய்வுகள்

சிசேரியனுக்குப் பின் வீட்டில் முயன்றவர்கள் பற்றிய ஆய்வுகள் சிலவே உள்ளன. இந்திய நிலைக்கு அவற்றை அப்படியே பொருத்த முடியாது. ஏனெனில், அந்நாடுகளில் வீட்டுக்கு வரும் மருத்துவச்சிகள் பல ஆண்டு பயிற்சி பெற்றவர்கள்.

அமெரிக்காவில் 2004 முதல் 2009 வரை மருத்துவச்சிகள் பதிவு செய்த வீட்டுப் பிரசவங்களில், முன்பு சிசேரியன் ஆன 1,052 பெண்கள் இருந்தனர். அவர்களில் 87 விழுக்காட்டினர் இயல்பாகப் பெற்றனர். மருத்துவமனை அளவைவிட இது உயர்வு. ஆனால் பிரசவத்தின்போதும் பிறந்த பின்னும் குழந்தை இறப்பு 1000க்கு 4.75 ஆக இருந்தது. சிசேரியன் ஆகாமல் முன்பு குழந்தை பெற்றவர்களிடையே அது 1.24 மட்டுமே. இங்கிலாந்தில் 2016இல் வெளியான ஆய்விலும் வீட்டில் தொடங்கியவர்களில் ஏறத்தாழ 88 விழுக்காட்டினர் இயல்பாகப் பெற்றனர். மருத்துவமனையில் தொடங்கியவர்களில் 69 விழுக்காட்டினரே அவ்வாறு பெற்றனர். எனினும் வீட்டில் தொடங்கியவர்களில் 37 விழுக்காட்டினர் இடையில் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டனர். முன்பு இயல்பாகப் பெற்றிராதவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மாற்றப்பட்டனர்.

இவ்வாய்வுகளிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. ஒன்று, பொறுமையுடன் காத்திருக்கும் மருத்துவச்சியின் பராமரிப்பும் பெண்ணின் மனத் துணிவும் இயல்பான பிரசவத்துக்குத் துணை செய்வதாகத் தெரிகிறது. வீட்டைத் தெரிந்தெடுத்தவர்கள் முன்பு இயல்பாகப் பெற்றவர்களாகவோ உடல்நலம் மிக்கவர்களாகவோ இருந்ததும் ஒரு காரணமாகலாம். மற்றொன்று, வீட்டில் திட்டமிடுவோர் இடமாற்றத்தை அரிய விபத்தாக அல்லாமல் எதிர்பார்க்க வேண்டிய நிகழ்வாகவே கருத வேண்டும்.

அமெரிக்க மகப்பேற்று மருத்துவர் கல்லூரி 2017இல் வெளியிட்ட கருத்துரையில், முன்பு சிசேரியன் ஆகியிருப்பதை, இரட்டைக் குழந்தை, தலைகீழாக அமையாத குழந்தை ஆகியவற்றோடு சேர்த்து, வீட்டுப் பிரசவத்தை முற்றாகத் தவிர்க்க வேண்டிய காரணமாகக் கூறியது. வீட்டுப் பிரசவம் நெடுங்காலமாக மருத்துவ அமைப்பின் பகுதியாகவே இருந்து வரும் நெதர்லாந்திலும், முன்பு சிசேரியன் ஆனவர்கள் மருத்துவமனையில் பிரசவிப்பவர்களாகவே வகைப்படுத்தப்படுகின்றனர்.

தமிழ்நாட்டில் மருத்துவச்சிகள்

தமிழ்நாட்டு ஊர்களில் நாவிதர் அல்லது மருத்துவர் என அழைக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பெண்கள் தலைமுறைகளாகப் பிரசவம் பார்த்து வந்தனர். சென்னையில் 1844இல் மகப்பேற்று மருத்துவமனை நிறுவப்பட்டது. எழும்பூரில் இன்றுள்ள அரசு மகப்பேறு மருத்துவமனை அதன் தொடர்ச்சியாகும். 1854இல் சென்னையில் மருத்துவச்சிகளுக்கான பயிற்சிப் பள்ளிக்கு அரசு ஒப்புதல் அளித்தது. 1926ஆம் ஆண்டுச் சட்டம் செவிலியரையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்யும் முறையை ஏற்படுத்தியது. பிற்காலத்தில் கிராம சுகாதாரச் செவிலியர்களும், ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்களும் பரம்பரை மருத்துவச்சிகளின் இடத்தை எடுத்துக்கொண்டனர். பிரசவங்கள் மருத்துவ நிலையங்களுக்கு நகர்ந்ததும் அந்தப் பரம்பரை அறிவு ஏறத்தாழ மறைந்துபோனது.

2018 டிசம்பரில் இந்திய அரசு மருத்துவச்சிச் சேவைகளுக்கான வழிகாட்டியை வெளியிட்டது. ஏற்கனவே பதிவு பெற்ற செவிலியர்களுக்கு 18 மாதக் கூடுதல் பயிற்சி அளித்து, மருத்துவமனைகளோடு இணைந்த தனிப் பிரசவப் பிரிவுகளில் பணியமர்த்துவது அதன் திட்டம். இப்பிரிவுகள் இடர் குறைந்த பிரசவங்களுக்கானவை. ஐதராபாத்தில் பெர்னாண்டசு மருத்துவமனை 2011 முதலே மருத்துவச்சிகளைப் பயிற்றுவித்து வருகிறது. இவ்வேற்பாடுகள் எதிலும் வீட்டுக்கு வந்து பிரசவம் பார்ப்பது அடங்காது. இங்கிலாந்தில் உள்ளதுபோல அரசு ஊதியத்தில் வீட்டுக்கு வரும் மருத்துவச்சி தமிழ்நாட்டில் இல்லை.

வீட்டை விரும்புவதற்கான காரணங்கள்

வீட்டுப் பிரசவத்தை விரும்பும் பெண்கள் எல்லோரும் மருத்துவத்தை எதிர்ப்பவர்கள் அல்லர். மானிடவியலாளர் செசிலியா வான் ஹாலன், 1990களில் தமிழ்நாட்டில் செய்த களப்பணியின் அடிப்படையில் 2003இல் வெளியிட்ட நூலில், பெண்கள் மருத்துவமனையைத் தவிர்த்ததற்கான காரணங்களைப் பதிவு செய்துள்ளார். பணியாளரின் ஏச்சு, உறவினரை உள்ளே விடாமை, காசு கேட்டல், ஒப்புதல் பெறாமல் கருத்தடை வளையம் பொருத்துதல் ஆகியவை அவற்றுள் சில. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது உறவுப் பெண் ஒருவர் உடனிருக்கலாம் என்ற ஏற்பாடு 2004இல் கொண்டுவரப்பட்டது இக்குறைகளில் ஒன்றுக்கு விடையாகும்.

முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கு இவற்றோடு மற்றொரு காரணமும் உண்டு. தேதி குறித்து மறு அறுவை செய்வதே வழக்கம் எனச் சில மருத்துவமனைகள் கூறிவிடும்போது, இயல்பாகப் பெற விரும்பும் பெண்ணுக்கு வீடு மட்டுமே எஞ்சிய வழியாகத் தோன்றுகிறது. அமெரிக்காவில் 1999க்குப் பின் நிகழ்ந்ததும் இதுவே.

2018 ஜூலையில் திருப்பூரில், இணையத்தில் கிடைத்த காணொளிகளின் உதவியுடன் வீட்டில் பிரசவம் பார்க்கப்பட்ட இளம்பெண் ஒருவர் மிகைக் குருதிப்போக்கால் இறந்தார். பயிற்சி பெற்ற செவிலியர் எவரும் அங்கு இல்லை. அடுத்த மாதம், வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி முகாம் நடத்துவதாக விளம்பரம் செய்த ஒருவர் கோவையில் கைது செய்யப்பட்டார். இதன் பின் தமிழ்நாட்டுப் பொது விவாதத்தில் வீட்டுப் பிரசவம் என்றாலே இந்நிகழ்வு நினைவுகூரப்படுகிறது. ஆயினும், எவரும் உடனில்லாத பிரசவமும், தகுதி பெற்ற மருத்துவச்சி பார்க்கும் பிரசவமும் ஒன்றல்ல. இரண்டையும் பிரித்தே ஆராய வேண்டும்.

திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதி

காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த இப்பகுதி, சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையை ஒட்டியும், வண்டலூர் – வாலாசாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில் – திருப்பெரும்புதூர் சாலையும் சந்திக்கும் ஒரகடத்தைச் சுற்றியும் அமைந்துள்ளது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மகிழுந்து உற்பத்தி தொடங்கியது. 2006 முதல் 2014 வரை திருப்பெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை இயங்கியது. 2010இல் ரெனோ–நிசான், 2013இல் ராயல் என்ஃபீல்டு ஆகியவை ஒரகடத்தில் உற்பத்தியைத் தொடங்கின. மின்னணுத் தொழிற்சாலைகளில் இளம்பெண்கள் பெருந்தொகையாகப் பணிபுரிகின்றனர். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பணியாளர் தங்கக்கூடிய குடியிருப்பு திறக்கப்பட்டது இதன் அளவை உணர்த்தும்.

இப்பகுதியின் வாழ்க்கை முறை, சிசேரியனுக்குப் பிந்தைய பிரசவத்தைப் பொறுத்தவரை மூன்று வகையில் முக்கியமானது.

முதலாவது ஆவணம். இங்கு வாழும் குடும்பங்களில் பல, தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்தவை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கமாதலால், முதல் சிசேரியன் வேறோர் ஊர் மருத்துவமனையில் நடந்திருக்கும். அதன் குறிப்பு ஊரில் உள்ள பெட்டியிலோ, தொலைந்தோ இருக்கும். அக்குறிப்பு இல்லாமல் கருப்பைத் தழும்பின் வகையை உறுதியாகக் கூற இயலாது.

இரண்டாவது துணை. கணவன் மனைவி மட்டும் வாடகை வீட்டில் வாழ்வதும், கணவர் இரவு ஷிப்டில் இருப்பதும் இயல்பு. வலி வரும் நேரத்தில் முதல் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும், வண்டி பிடிக்கவும் ஆள் இல்லாத நிலை இதனால் ஏற்படுகிறது.

மூன்றாவது சாலை. திருப்பெரும்புதூரில் அரசு மருத்துவமனை உள்ளது. அதற்கு மேற்பட்ட சிகிச்சைக்குக் காஞ்சிபுரம் அரசுத் தலைமை மருத்துவமனையும், செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், சென்னைச் சாலையில் தண்டலம், போரூர் ஆகிய இடங்களில் உள்ள தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் உள்ளன. ஒரகடத்திலிருந்து செங்கல்பட்டு ஏறத்தாழ 25 கிலோமீட்டர். திருப்பெரும்புதூரிலிருந்து காஞ்சிபுரம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். சரக்குப் பெட்டக லாரிகளும், ஷிப்ட் மாறும் நேரத்தில் தொழிற்சாலைப் பேருந்துகளும் இச்சாலைகளை நிறைக்கின்றன.

நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் நிலை தெளிவாகும். எடுத்துக்காட்டாக, ஊர்தி வீட்டுக்கு வர 10 நிமிடம், தாயை ஏற்ற 5 நிமிடம், சாலையில் 25 நிமிடம், அறுவை அரங்கை அடைந்து மயக்க மருந்து கொடுத்துக் குழந்தையை எடுக்க 20 நிமிடம் எனக் கொண்டால், மொத்தம் 60 நிமிடமாகிறது. ஊர்தி வாசலிலேயே காத்திருந்தாலும் 50 நிமிடமாகும். மருத்துவச்சி எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் இக்கூட்டலில் குறைக்கக்கூடியது, ஆபத்தைக் கண்டறிய எடுக்கும் நேரம் மட்டுமே. மருத்துவமனையிலும் முடிவெடுத்ததிலிருந்து 30 நிமிடங்களுக்குள் குழந்தையை எடுப்பதே பொதுவான இலக்கு; 18 நிமிடம் அங்கும் எளிதன்று. ஆனால் 30க்கும் 60க்கும் உள்ள வேறுபாடு, பிழைக்கும் குழந்தைக்கும் பிழைக்காத குழந்தைக்கும் உள்ள வேறுபாடாக இருக்கலாம்.

திட்டமிடல்

இயல்பாகப் பெற விரும்பும் பெண், கருவுற்ற தொடக்கத்திலேயே செய்யக்கூடியவை:

• முதல் அறுவையின் குறிப்பை அந்த மருத்துவமனையிலிருந்து பெற்று வைத்தல்.
• நஞ்சு எங்கு பதிந்துள்ளது, தழும்பின் மேல் உள்ளதா என்பதை ஸ்கேன் மூலம் அறிதல்.
• மருத்துவமனையைத் தெரிந்தெடுக்கும் முன், சிசேரியனுக்குப் பின் இயல்பான பிரசவத்தை ஏற்கின்றனரா, இரவிலும் மயக்க மருந்து மருத்துவரும் குருதியும் கிடைக்குமா, உறவினர் உடனிருக்கலாமா, வலியின்போது நடக்கவும் உட்காரவும் விடுவார்களா எனக் கேட்டறிதல்.
• கடைசி வாரங்களில் மருத்துவமனைக்கு அருகில் தங்குதல். சட்டப்படி, இரண்டாவது குழந்தை வரை 26 வாரச் சம்பளத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பு உண்டு. அதில் 8 வாரங்கள் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம்.
• வலி தொடங்கியவுடன், விட்டு விட்டு வந்தாலும், மருத்துவமனைக்குச் செல்லுதல்.

இவற்றையெல்லாம் அறிந்த பின்னும் வீட்டிலேயே பெற முடிவு செய்யும் பெண்கள் உள்ளனர். அவர்களைப் பொறுத்தவரை, இடரைக் குறைக்கும் ஏற்பாடுகளாகக் கருதப்படுபவை வருமாறு: பதிவு பெற்ற மருத்துவச்சியும் மற்றொரு பயிற்சி பெற்றவரும் உடனிருத்தல், முதல் கட்டத்தில் 15 நிமிடத்துக்கு ஒருமுறையும், தாய் முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறையும் குழந்தையின் துடிப்பைக் கேட்டுக் குறித்தல், ஓட்டுநருடன் வண்டி வாசலில் நிற்றல், ஏற்கப்போகும் மருத்துவமனையில் முன்னரே பதிந்து வைத்தல், பிறந்த குழந்தைக்கு மூச்சளிக்கும் கருவியும், பிரசவத்துக்குப் பின் குருதிப்போக்கைத் தடுக்கும் மருந்தும் வைத்திருத்தல், பிரசவம் முன்னேறாமல் நின்றாலே, ஆபத்துக்குக் காத்திராமல், மருத்துவமனைக்குப் புறப்படுதல்.

குழந்தை பிறக்கும் முன் "வலி ஊசி" எனப் பொதுவாக அழைக்கப்படும் ஆக்சிடோசினை வீட்டில் எக்காரணம் கொண்டும் போடக் கூடாது. தழும்புள்ள கருப்பையை இம்மருந்து கிழிக்கக்கூடும். மருத்துவமனையில் இதைத் தரும்போதும் துளித்துளியாக அளந்து, துடிப்பை இடைவிடாமல் கண்காணித்தே தருகின்றனர். மிசோபுரோசுட்டால் மாத்திரையால் வலி வரவழைப்பதும் இவர்களுக்கு விலக்கப்பட்டது.

சட்டமும் பதிவும்

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் (1969) வீட்டில் நிகழும் பிறப்பையும் 21 நாட்களுக்குள் பதிவு செய்யக் கூறுகிறது. தமிழ்நாட்டில் கருவுற்ற பெண்கள் அரசின் "பிக்மி" இணையப் பதிவேட்டில் பதிந்து அடையாள எண் பெற வேண்டும். 2017 முதல் பிறப்புச் சான்றிதழ் பெற இவ்வெண் கேட்கப்படுகிறது. பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தின் கீழ் (2016), இடர் மிக்க கருவுற்ற பெண்களின் அட்டையில் சிவப்பு ஒட்டு இடப்படுகிறது. முன்பு சிசேரியன் ஆனவர்கள் இவ்வகையைச் சேர்ந்தவர்கள். இது அவர்கள் மீண்டும் அறுவையே செய்துகொள்ள வேண்டும் என்பதற்கான அடையாளம் அன்று. அறுவை அரங்கு உள்ள இடத்தில் பிரசவம் நிகழ வேண்டும் என்பதற்கான அடையாளமே ஆகும்.

மருத்துவச்சியின் பொறுமை, உறவுப் பெண்ணின் துணை, விரும்பிய நிலையில் இருக்கும் உரிமை என, பெண்கள் வீட்டில் தேடுபவற்றுள் பெரும்பாலானவற்றை மருத்துவமனைக்குள் கொண்டுவர முடியும். அறுவை அரங்கை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. ஆகவே சிசேரியனுக்குப் பின் இயல்பாகப் பெற விரும்பும் பெண்களை ஏற்கும் மருத்துவமனைகள் பெருகுவதே, வீட்டுப் பிரசவத்தின் இடரைக் குறைப்பதற்கான உறுதியான வழியாகக் கருதப்படுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

• மகப்பேறு
• சிசேரியன் அறுவை
• கருப்பை
• மருத்துவச்சி
• திருப்பெரும்புதூர்
• ஒரகடம்